கருவி மலை ஏறட்டும்!

மார்கழி, தை மாதங்களில் கரடியூர்ப் பக்கம் போனால் காபிக் களங்களைப் பார்க்கலாம். பறித்த கொட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பழைய ஆட்கள் ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். பல் பதிந்தால் இன்னும் வெயில் வேண்டும். 'டக்'கென்று நின்றால் மூட்டை கட்டலாம். ஆனால் அதே மூட்டை விற்பனைக்குப் போகிற இடத்தில் பல்லுக்கு மரியாதை கிடையாது. அங்கே ஈரப்பதமானி என்று ஒரு சின்னக் கருவி இருக்கும். ஒரு கை கொட்டையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடும். விலை பேசுவது அந்த எண்ணை வைத்துத்தான்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். கருவி இல்லாதவன் சொல்லும் ஏறாது. அதனால்தான் கையடக்க ஈரப்பதமானி ஒன்றை விவசாயியும் வாங்கிக் களத்திலேயே வைத்துக்கொள்ள முடிவது பெரிய விஷயம். மூட்டை மலை இறங்குவதற்கு முன்பே அவருக்கும் எண் தெரிந்துவிடும்.

இன்னொரு உதாரணம், களத்துக்கு அடியில் கிடக்கும் பாறை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சூட்டிய பெயர் அது. இந்தப் பாறைக்குள் மேக்னடைட் போன்ற இரும்பு ஆக்சைடுத் துணுக்குகள் உண்டு. மலைக்குக் கீழே, சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையில் மேக்னடைட் இரும்புத்தாதே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இப்படிப்பட்ட பாறைகளை ஆராய வரும் புவியியலாளர்கள் டார்ச் லைட் அளவில் ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். அதைப் பாறை மேல் வைத்தால் அதன் காந்த ஏற்புத்திறன் எவ்வளவு என்று சில நொடிகளில் காட்டிவிடும். பாறையை உடைத்து, சாக்கில் கட்டி, சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆக, ஈரம் பார்க்கும் கருவி மலை ஏறிவிட்டது. பாறையின் காந்தம் பார்க்கும் கருவியும் ஏறிவிட்டது. காந்த மென்படலங்களை அளக்கும் கருவி மட்டும் இன்னும் பெரிய ஊரில், பெரிய ஆய்வகத்தில், ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் வெளியே வரவேண்டும். ஒளியை வைத்து, தொடாமல், வெட்டாமல் அளக்கும் சின்னக் கருவியாக, சாதாரணக் கல்லூரி மேசைகளுக்கு வரவேண்டும். இது நடக்கக்கூடிய காரியம்தானா என்று பார்க்கலாம்.

செய்வது சுலபம், அளப்பது கஷ்டம்

முதலில் மென்படலம் என்றால் என்ன? ஒரு கண்ணாடி அல்லது சிலிக்கான் துண்டின் மேல் பூசிய, மிக மிக மெல்லிய உலோகப் பூச்சு. எவ்வளவு மெல்லியது? மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கில் நம் ஃபைல்களைத் தாங்கி நிற்கும் கோபால்ட் கலவைப் படலமோ சில பத்து நானோமீட்டர்தான். 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியாக, இப்படிப்பட்ட படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் காந்தப்புலத்தில் மின்தடை பெரிதாக மாறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2007-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹார்ட் டிஸ்கின் கொள்ளளவு மளமளவென்று ஏறியதில் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்படிப்பட்ட படலம் செய்வதற்குக் கோடி ரூபாய் இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. நிக்கல், இரும்பு உப்புகளைக் கரைத்த ஒரு பீக்கர், இரண்டு மின்முனைகள், கொஞ்சம் டி.சி. மின்சாரம் இருந்தாலே மின்முலாம் முறையில் ஒரு காந்தப் படலத்தைப் படிய வைக்கலாம். காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் மாநிலம் இது. மின்முலாம் நமக்குப் புதிய வித்தை இல்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. கரடியூரிலிருந்து பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கி, சேலத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் ஒரு மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படலம் செய்துவிட்டார். அது எவ்வளவு புலத்தில் காந்தமாகிறது, புலத்தை எடுத்த பிறகும் எவ்வளவு காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதை அழிக்க எதிர்ப்பக்கம் எவ்வளவு புலம் கொடுக்க வேண்டும்? பிளஸ் டூ புத்தகத்தில் வரும் காந்தத் தயக்கக் கண்ணி ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் அவர் வரைய வேண்டும்.

இதற்கு வழக்கமான கருவி வி.எஸ்.எம்., அதாவது வைப்ரேட்டிங் சாம்பிள் மேக்னெட்டோமீட்டர். 1950-களில் அமெரிக்காவில் சைமன் ஃபோனர் உருவாக்கியது. மாதிரியை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, காந்தப்புலத்துக்குள் வைத்து அதிரவிட்டு, பக்கத்துச் சுருள்களில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அளக்கும். அருமையான கருவி, ஆனால் விலை எல்லாக் கல்லூரிக்கும் எட்டாது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளது போன்ற பொதுக் கருவி மையங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியார் மாதிரிகளையும் அளந்து தருகின்றன. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970-களில் தொடங்கிய திட்டம் அது. அப்படி ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் சின்ன ஊர்களில் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்வதே சிரமம். அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஆனாலும் மூன்று இழப்புகள் இருக்கின்றன. ஒன்று, வி.எஸ்.எம்.முக்குள் நுழையப் படலத்தைச் சில மில்லிமீட்டர் துண்டாக வெட்ட வேண்டும். வெட்டிய படலத்தை வேறு எதற்கும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. இரண்டு, அனுப்பிவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய இழப்பு. முடிவு ஒரு வரைபடமாக மெயிலில் வரும். 'கரைசலில் இரும்பைக் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகும்?' என்று அந்த மாணவிக்கு அன்று சாயங்காலம் தோன்றினால், அன்று சாயங்காலமே செய்து பார்க்க முடியாது. இன்னொரு மாதிரி, இன்னொரு கவர், இன்னொரு கட்டணம். ஆராய்ச்சி என்பதே அந்தச் சாயங்காலக் கேள்விதானே?

ஒளி தொட்டும் தொடாமலும்

இதற்கு மாற்று வழி ஒன்று 150 ஆண்டுகளாக இருக்கிறது. 1845-ல் மைக்கேல் ஃபாரடே, காந்தப்புலத்தில் வைத்த கண்ணாடி வழியாகத் தளவிளைவு அடைந்த ஒளி, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி, போகும்போது அந்தத் தளம் கொஞ்சம் திரும்புகிறது என்று கண்டார். 1876-ல் கிளாஸ்கோவில் ஜான் கெர் இன்னொன்றைக் கண்டார். மின்காந்தத்தின் முனையை நன்றாக மெருகேற்றி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்தார். திரும்பி வரும் ஒளியின் தளமும் சற்றே சாய்ந்திருந்தது. காந்தத்தின் திசையை மாற்றினால் சாய்வும் எதிர்ப்பக்கம் போனது. ஜான் கெர் பெரிய ஆய்வகத்தின் தலைவர் ஒன்றும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர்!

இந்தக் கெர் விளைவில் ஒரு வசதி இருக்கிறது. உலோகத்துக்குள் ஒளி சில பத்து நானோமீட்டருக்கு மேல் போகாது. தடித்த இரும்புக்கட்டியை ஆராய இது குறைபாடு. மென்படலத்துக்கோ இதுவே வரம். படலத்தின் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே! 1985-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் மூக், பேடர் இருவரும் தங்கத்தின் மேல் ஒருசில அணு அடுக்குகளே கொண்ட இரும்பின் காந்தத்தை இதே முறையில் அளந்து காட்டினார்கள். அதன் பிறகு ஆராய்ச்சி உலகத்தில் இந்த முறை நன்றாகப் பரவியது.

கருவிக்கு என்னென்ன வேண்டும்? ஒரு லேசர் டையோடு. ஒளியை ஒரே தளத்தில் அதிர வைக்க ஒரு போலராய்டு. படலத்தைச் சுற்றி ஒரு காந்தச் சுருள். திரும்பும் ஒளியைச் சோதிக்க இன்னொரு போலராய்டு. கடைசியில் ஒரு ஃபோட்டோ டையோடு. புலத்தை ஏற்றி இறக்கும்போது ஃபோட்டோ டையோடு காட்டும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் தயக்கக் கண்ணி தானாக விரியும். வெட்டுவது, ஒட்டுவது எதுவும் இல்லை. படலம் போன மாதிரியே திரும்பி வரும்.

சட்டைப் பையில் இருந்த கெர் கருவி

'கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு நுட்பமான அளவீட்டைக் கையில் தூக்கிப் போகும் கருவியில் செய்ய முடியுமா?' என்று சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம். அந்தச் சாய்வு பெரும்பாலும் ஒரு டிகிரிக்கும் வெகு குறைவு.

ஆனால் 1992-லேயே இது நடந்திருக்கிறது. சோனி கம்பெனி அந்த ஆண்டு மினிடிஸ்க் என்ற ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் பாட்டுப் பதிவு செய்துகொள்ளும் மினிடிஸ்கின் உள்ளே இருந்தது டெர்பியம், இரும்பு, கோபால்ட் கலந்த ஒரு காந்த மென்படலம். பாட்டைப் படிக்க லேசர் ஒளியை அந்தப் படலத்தின் மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியின் தளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்கள். அதே கெர் விளைவு! பஸ்ஸில் நின்றுகொண்டு ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்டவர்களின் கையில் இருந்தது, காந்த மென்படலத்தைத் தொடாமல் ஒளியால் படிக்கும் கையடக்கக் கருவி. அதுவும் பேட்டரியில் ஓடியது.

மினிடிஸ்க் வியாபாரத்தில் தோற்றுப்போனது வேறு கதை. பதிவு செய்யும் வெற்று மினிடிஸ்க் தயாரிப்பையும் 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்திவிட்டது. ஆனால் அது ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டுப் போயிருக்கிறது. கெர் கருவி சின்னதாக இருக்க முடியும். ஆயிரக்கணக்கில் தயாரித்தால் சாதாரண மனிதர் வாங்கும் விலைக்கும் வரும்.

மினிடிஸ்க் பார்க்க வேண்டியது 'இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா' என்பதை மட்டும்தான். ஆய்வுக் கருவி 'எவ்வளவு' என்றும் சொல்ல வேண்டும். அதில்தான் கஷ்டங்கள் வருகின்றன. முதல் கஷ்டம் வெளி வெளிச்சம். ஜன்னல் வெயிலும் டியூப் லைட்டும் ஃபோட்டோ டையோடில் விழுந்தால் அந்தச் சின்ன சாய்வு தெரியவே தெரியாது. லேசரைக் குறிப்பிட்ட வேகத்தில் அணைத்து எரியவிட்டு, அந்த வேகத்தில் வரும் சிக்னலை மட்டும் பொறுக்கி எடுப்பது இதற்குத் தீர்வு. சந்தை இரைச்சலில் தன் பிள்ளை கூப்பிடுவது மட்டும் தாய்க்குக் கேட்கிற மாதிரி! இரண்டாவது, லேசரின் பிரகாசமே ஏறி இறங்குவது. திரும்பும் ஒளியை இரண்டாகப் பிரித்து, இரண்டு டையோடுகளில் வாங்கி, வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் அதுவும் அடங்கிவிடும். இரண்டு தட்டுத் தராசும் இப்படித்தான் வேலை செய்கிறது.

மூன்றாவது கஷ்டம் எடை. ஒளிப் பகுதி லேசானது. கனமெல்லாம் காந்தத்தில்தான். ஹார்ட் டிஸ்க் படலம் போன்ற விடாப்பிடியான காந்தத்தைத் திருப்ப ஆயிரக்கணக்கான ஆர்ஸ்டெட் புலம் வேண்டும். அதற்கு இரும்பும் செம்புமாக ஒரு பெரிய பாரம் தேவை. பெர்மல்லாய் என்ற நிக்கல்-இரும்புப் படலத்துக்கோ ஒருசில ஆர்ஸ்டெட்டே போதும். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலமே சுமார் 0.4 ஆர்ஸ்டெட் இருக்கிறது. அதைப் போலப் பத்து, இருபது மடங்கு புலத்தை ஒரு சின்னச் சுருளும் பேட்டரியும் கொடுத்துவிடும். ஆகவே எல்லாப் படலத்துக்கும் ஒரே கருவி என்று ஆசைப்படாமல், மென்காந்தப் படலங்களில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

கணக்குப் பார்த்தால்...

அறிவியலை விட்டுவிட்டு வணிகக் கண்ணோடு பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

சரக்கு இருப்பைச் சரிபார்க்கும் ஆடிட்டர் என்ன செய்கிறார்? கிடங்குக்குப் போய் மூட்டையை எண்ணுகிறார். கிடங்கைப் பெயர்த்துத் தன் ஆபீசுக்குக் கொண்டுவரச் சொல்வதில்லை. அளவீட்டில் மட்டும் மாதிரிகள் ஏன் ஊர் ஊராகப் போகவேண்டும்?

இன்னொன்று, அழித்துப் பார்க்கும் சோதனையின் செலவு. தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னால், எல்லாக் குச்சியையும் உரசிப் பார்த்து 'எல்லாம் நல்லா எரியுது' என்று சொல்லிக் கொடுத்த பையன் கதை எல்லோருக்கும் தெரியும். வெட்டிப் பார்க்கும் சோதனை என்றால் நூற்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். மீதி 99-ம் நம்பிக்கையில் போகும். தப்பு வந்தால் நஷ்டம் வாங்குபவருக்கு. தொடாத சோதனை என்றால் நூறையும் பார்க்கலாம், நூறையும் விற்கலாம்.

மூன்றாவது, பராமரிப்பு. வெளிநாட்டிலிருந்து பெரிய கருவி வாங்கினால் விலையோடு செலவு முடிவதில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், டாலரில் உதிரிப் பாகம், பழுது பார்க்க வெளியூர் எஞ்ஜினியர் என்று தொடரும். ஒரு பலகை பழுதானால் மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடக்கும். இங்கேயே செய்த சின்னக் கருவியில் டையோடு போனால், செய்த மாணவரே சால்டரிங் அயர்னை எடுத்து மாற்றிவிடுவார்.

2021 டிசம்பரில் மத்திய அரசு செமிகண்டக்டர் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்ல விஷயம். ஆனால் சிப் செய்கிற இடத்தில் ஒவ்வொரு அடுக்கையும் அளந்து பார்க்கக் கருவி வேண்டும். அந்தக் கருவிகளை வெளியிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தால் தொழிற்சாலை நம்முடையது, தராசு அவர்களுடையது என்று ஆகும். தராசு வைத்திருப்பவரின் பலம் என்ன என்று காபி விற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நூலில் தொங்கிய படிகம்

சின்னக் கருவியால் பெரிய அறிவியல் வராது என்று நினைப்பவர்கள் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனை நினைத்துப் பார்க்கலாம். ராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் பங்கெடுத்த அவர், 1928-ல் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே படிகங்களின் காந்தப் பண்புகளில் இறங்கினார். படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எப்படித் திரும்ப முயல்கிறது என்பதை இழையின் முறுக்கை வைத்து அளந்தார்கள். ஒரு படிகம், ஒரு இழை, ஒரு காந்தம். படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று அதிலிருந்து உலகத்துக்குச் சொன்னார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகவும் ஆனார். கருவியைத் தானே அமைத்தவருக்கு அதன் குறையும் தெரியும், நிறையும் தெரியும்.

எதிர்வாதம்

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவையும் உண்டு. மறைக்கக் கூடாது. கெர் கருவி படலத்தின் காந்தத்தை நேரடி அலகில் சொல்லாது. கண்ணியின் வடிவமும், காந்த நீக்குத்திறனும் சரியாகத் தெரியும். மொத்தக் காந்தம் எவ்வளவு என்று கேட்டால் வி.எஸ்.எம். போன்ற ஒன்றிடம்தான் போகவேண்டும். படலம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். தடித்த, சொரசொரப்பான மின்முலாமில் ஒளி சிதறிப்போகும். எல்லாவற்றையும்விட, தப்பாக அளக்கும் கருவி ஊருக்கு ஊர் பரவினால் தப்பான முடிவுகளும் பரவும்.

கடைசி ஆட்சேபம் ரொம்பச் சரி. அதற்கு வழியும் சந்தையிலேயே இருக்கிறது. மளிகைக்கடைத் தராசை நாம் எப்படி நம்புகிறோம்? எடையளவுத் துறை அதைச் சரிபார்த்து முத்திரை குத்துகிறது என்பதால்தான். அதேபோல ஒவ்வொரு கருவியோடும், பெரிய மையத்தில் அளந்து எண் குறித்த ஒரு மாதிரிப் படலமும் போகட்டும். காலையில் முதலில் அதை அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்றதை அளக்க வேண்டும். பெரிய மையங்களுக்கு வேலை போகாது. நூறு படலத்தில் நல்ல ஐந்தைக் கல்லூரியிலேயே பொறுக்கி எடுத்துவிட்டு, அந்த ஐந்தை மட்டும் அனுப்பலாம். வரிசையும் குறையும்.

இன்னொரு தடை காகிதத்தில் இருக்கிறது. கருவி வாங்க மூன்று கொடேஷன் கேட்பது எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. கருவி செய்ய வாங்கிய லேசர், லென்ஸ், போல்ட், நட்டு பில்களை எந்தத் தலைப்பில் காட்டுவது என்றால்தான் குழப்பம். 'கருவி வாங்க' என்று இருப்பதுபோல 'கருவி செய்ய' என்றும் ஒரு தலைப்பு வந்தால், இயற்பியல் மாணவரும் பாலிடெக்னிக் எலெக்ட்ரானிக்ஸ் மாணவரும் ஒரே மேசையில் உட்கார வழி பிறக்கும்.

சேர்வராயன் மலையிலிருந்து இதுவரை பொருள்தான் கீழே இறங்கியிருக்கிறது. காபி இறங்கியது, மிளகு இறங்கியது, ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட்டும் இறங்கியது. எடை போட்டதும் தரம் பிரித்ததும் விலை வைத்ததும் பெரும்பாலும் கீழேதான். கரடியூர்ப் பெண் செய்த படலமும் அதே மாதிரி கவரில் போட்டுக் கீழே போய், எண்ணாக மட்டும் திரும்பி வரவேண்டுமா?

லேசர் டையோடும் போலராய்டும் கொண்டை ஊசி வளைவில் ஏற முடியாத அளவுக்குக் கனமான பொருள்கள் இல்லை. ஏற்றிவிட மனசுதான் வேண்டும்.